பேட்டர்ன் டெஸ்ட்டிங்: டிசைனரும் டெஸ்ட்டரும் மனக்கசப்பு இல்லாமல் சேர்ந்து வேலை பார்ப்பது எப்படி?

"டெஸ்ட்டர்ஸ் தேவை! சைஸ் எஸ் முதல் 3 எக்ஸ் வரை. 4 வாரம் டைம். பேட்டர்ன் ஃப்ரீ. விருப்பம் இருக்கிறவங்க டி.எம் பண்ணுங்க!"

குரோஷே, நிட்டிங், தையல் பக்கங்களை இன்ஸ்டாவில் ஃபாலோ செய்பவரா நீங்கள்? அப்படியானால் இந்த மாதிரி ஸ்டோரி கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும். ஆசையாகக் கை தூக்குகிறீர்கள். நூல் வாங்குகிறீர்கள். இரண்டாவது வாரமே குழப்பம் ஆரம்பம். "அக்கா மெசேஜைப் பார்க்கவே மாட்டேங்கிறாங்க" என்று டெஸ்ட்டர் புலம்புவார். "10 பேர் பேட்டர்ன் வாங்கிட்டுப் போனாங்க, 4 பேர்தான் முடிச்சாங்க" என்று டிசைனர் புலம்புவார்.

இந்த இழுபறியில் கடைசியில் அடிபடுவது மூன்றாவது ஒருவர். காசு கொடுத்து அந்த பேட்டர்னை வாங்கப்போகிறவர். சரியாக டெஸ்ட் ஆகாத பேட்டர்ன் அவர் கைக்குப் போனால், 14-வது வரிசையில் கணக்கு உதைக்கும். பிரித்துப் பிரித்துப் போடுவார். "பேட்டர்ன்ல தப்பு" என்று புதிதாகக் கற்றுக்கொள்பவருக்குத் தோன்றவே தோன்றாது. "நமக்குத்தான் வரல போல" என்று ஊசியைத் தூக்கி வைத்துவிடுவார். அவருக்காகத்தான் டெஸ்ட்டிங் என்பதை இருவரும் நினைவில் வைத்துக்கொண்டால், பாதி சிக்கல் தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு என்ன செய்யலாம்? பார்ப்போம்.

டெஸ்ட்டர் யார், யார் இல்லை?

ஒரு பேட்டர்ன் விற்பனைக்கு வருவதற்கு முன்னால் மூன்று விதமான வேலைகள் நடக்க வேண்டும்.

முதலாவது, டிசைனர். மனதில் இருப்பதைப் பின்னிப் பார்த்து, அதை எழுத்தாக மாற்றுபவர்.

இரண்டாவது, டெக் எடிட்டர். பெரும்பாலும் ஊசியைத் தொடாமலேயே பேட்டர்னைப் படித்து, கண்ணிக் கணக்கு, அளவுகள், சுருக்கெழுத்துகள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பவர். இது கூலி வாங்கிக்கொண்டு செய்யப்படும் தொழில்.

மூன்றாவதுதான் டெஸ்ட்டர். எழுதியிருப்பதை எழுதியபடியே பின்னிப் பார்த்து, "ஒரு சாதாரண ஆள் இதைப் படித்துச் செய்து முடிக்க முடியுமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்பவர்.

தையல் தெரிந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். விலை உயர்ந்த பட்டுத் துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால், காடா துணியில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பார்ப்பார்கள் இல்லையா? அதே வேலைதான். என்ன, இங்கே பல உடம்புகளில், பல கைகளில், பல நூல்களில் ஒரே நேரத்தில் மாதிரி பார்க்கிறோம்.

சிக்கல் எங்கே வருகிறது? டெக் எடிட்டருக்குக் கொடுக்கக் காசில்லை என்று அந்த வேலையையும் டெஸ்ட்டர் தலையில் கட்டும்போது வருகிறது. கணக்கே சரியாக இல்லாத முதல் வரைவை 10 பேரிடம் கொடுத்தால், 10 பேரும் ஒரே இடத்தில் மாட்டி, 10 பேரும் பிரித்துப் போடுவார்கள். டிசைனர்களே, டெக் எடிட்டரை அமர்த்த முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு வரிசையின் கணக்கையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுச் சரிபார்த்த பிறகு டெஸ்ட்டர்களைக் கூப்பிடுங்கள்.

நன்றாகப் பின்னத் தெரிந்தவர் செய்யும் 'உதவி'

ஜப்பானிலிருந்து வந்த அமிகுருமி பொம்மைகளைப் பின்னியவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். மேஜிக் ரிங்கில் 6 கண்ணி. அடுத்த சுற்றில் 12. பிறகு 18, 24, 30. ஒவ்வொரு சுற்றிலும் 6 கூடும்.

இப்போது ஒரு பேட்டர்னில் 5-வது சுற்று இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "2 சிங்கிள், பிறகு ஒரே கண்ணியில் 2. இதை 6 முறை செய்யவும். மொத்தம் 30."

கவனித்தீர்களா? 4-வது சுற்றில் 24 கண்ணிகள் இருக்கின்றன. எழுதியபடி 6 முறை செய்தால் 18 கண்ணிகள்தான் தீரும், 6 கண்ணிகள் தொடாமல் நிற்கும். 30 வரவே வராது. "3 சிங்கிள்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "2 சிங்கிள்" என்று டைப் ஆகிவிட்டது.

நூறு பொம்மை பின்னிய டெஸ்ட்டர் இதைக் கவனிக்கவே மாட்டார். கை தானாக 3 போட்டுவிடும், 30 வந்துவிடும், அடுத்த சுற்றுக்குப் போய்விடுவார். பொம்மை அழகாக வரும். "சூப்பர் பேட்டர்ன் அக்கா, எந்தப் பிரச்னையும் இல்ல!" என்று மெசேஜும் போகும். தப்பு அப்படியே அச்சாகும்.

அதனால் டெஸ்ட்டர்களுக்கு முதல் விதி: உங்கள் அனுபவத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, எழுதியிருப்பதை மட்டும் செய்யுங்கள். ஒரு வரியை இரண்டு முறை படிக்க வேண்டி வந்ததா? குறித்து வையுங்கள். நீங்களே யூகித்துச் சரிசெய்தீர்களா? அதையும் குறித்து வையுங்கள். உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரிவது, புதியவருக்குச் சுவராக நிற்கும்.

டிசைனர்களுக்கும் இதில் ஒரு விதி உண்டு: டெஸ்ட்டர் குழுவில் கைதேர்ந்தவர்களை மட்டும் சேர்க்காதீர்கள். பேட்டர்னின் மேலே 'தொடக்க நிலை' என்று போடப்போகிறீர்கள் என்றால், நிஜமாகவே ஆறு மாதத்துக்கு முன்பு ஊசி பிடித்த இரண்டு பேராவது குழுவில் இருக்க வேண்டும்.

அழைப்பிலேயே சொல்ல வேண்டியவை

சண்டைகளில் பெரும்பாலானவை "இதை முதல்லயே சொல்லலையே" என்ற வரியில்தான் தொடங்குகின்றன. டெஸ்ட்டர்களைக் கூப்பிடும் பதிவிலேயே இந்த விவரங்கள் இருக்கட்டும்:

* நூலின் தடிமன். 0 (லேஸ்) முதல் 7 (ஜம்போ) வரையிலான எண் முறை உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. "4-ம் நம்பர் நூல்" என்றால் யாருக்கும் குழப்பம் வராது.
* எவ்வளவு நூல்? பந்துக் கணக்கில் சொல்லாதீர்கள், மீட்டரில் சொல்லுங்கள். 100 கிராம் பந்து எல்லா பிராண்டிலும் ஒரே நீளம் இருக்காது.
* ஊசியின் அளவு மில்லிமீட்டரில்.
* அமெரிக்க முறையா, பிரிட்டிஷ் முறையா? அமெரிக்காவில் 'சிங்கிள்' என்பது பிரிட்டனில் 'டபுள்'. அங்கே 'டபுள்' என்பது இங்கே 'ட்ரெபிள்'. நம் ஊரில் பாட்டியிடம் கற்றவர் ஒரு முறையிலும், யூடியூபில் கற்றவர் இன்னொரு முறையிலும் இருப்பார். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் மொத்த உழைப்பும் வீண்.
* கடைசித் தேதியும், நடுவில் ஒரு தேதியும்.
* டெஸ்ட்டருக்கு என்ன கிடைக்கும்? இறுதி பேட்டர்ன் மட்டுமா, நூலும் உண்டா, வேறு ஒரு பேட்டர்னும் உண்டா?
* போட்டோ கட்டாயமா? முகம் தெரிய வேண்டுமா? அதை விற்பனைப் பக்கத்தில் பயன்படுத்துவீர்களா?
* டெஸ்ட் செய்தவர் பின்னிய பொருளை விற்கலாமா? எப்போதிலிருந்து?

தேதி விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப்பாருங்கள். ஒரு ஸ்வெட்டருக்கு 40 மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். வேலைக்கோ, கல்லூரிக்கோ போகிறவர் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் 40 நாள். அதாவது கிட்டத்தட்ட 6 வாரம். இதில் பிரித்துப் பின்னும் நேரம் சேரவில்லை. இப்போது "4 வாரத்துல முடிச்சுடுங்க" என்றால் நியாயமா? செமஸ்டர் பரீட்சை, தீபாவளி, பொங்கல் வரும் மாதங்களில் இன்னும் ஒரு வாரம் சேர்த்தே சொல்லுங்கள்.

ஸ்வாட்ச் போடாமல் தொடங்காதீர்கள்

"10 செ.மீ-க்கு 16 கண்ணி" என்று பேட்டர்னில் இருக்கும். இதுதான் கேஜ். சின்னதாக ஒரு சதுரம் பின்னி அளந்து பார்ப்பதுதான் ஸ்வாட்ச். பலருக்கு இது வெட்டி வேலை போலத் தோன்றும். கணக்கைப் பாருங்கள்.

உடம்புச் சுற்றுக்கு 160 கண்ணிகள் என்று வைத்துக்கொள்வோம். 10 செ.மீ-க்கு 16 கண்ணி என்றால் சுற்றளவு 100 செ.மீ. உங்கள் கை கொஞ்சம் இறுக்கம், 18 கண்ணி வருகிறது என்றால் அதே 160 கண்ணிக்குச் சுற்றளவு 89 செ.மீதான். 11 செ.மீ காணாமல் போய்விட்டது! டாப் தலைக்குள் நுழையாது. "பேட்டர்ன் சைஸ் தப்பு" என்று நீங்கள் எழுதுவீர்கள். உண்மையில் தப்பு பேட்டர்னில் இல்லை. டிசைனர் அதை நம்பி அளவை மாற்றினால், சரியாக இருந்த பேட்டர்னும் கெட்டுவிடும்.

எனவே டெஸ்ட்டர்கள் முதல் வாரத்திலேயே ஸ்வாட்ச்சை, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, போட்டோ எடுத்து அனுப்புங்கள். கண்ணி அதிகமாக வந்தால் அரை மி.மீ பெரிய ஊசி, குறைவாக வந்தால் அரை மி.மீ சின்ன ஊசி. டிசைனர் ஸ்வாட்ச்சைப் பார்த்து "சரி" சொன்ன பிறகு தொடங்கலாம். துவைத்துக் காயவைத்த பிறகு அளப்பது இன்னும் நல்லது.

நூலை மாற்றினால் அதையும் சொல்லுங்கள். சென்னை வெயிலில் அக்ரிலிக், கம்பளி எல்லாம் யார் போடுவது? நம் டெஸ்ட்டர்கள் பலரும் காட்டனுக்குத்தான் போவார்கள். தப்பில்லை. ஆனால், காட்டன் கனமானது, உடுத்த உடுத்த எடையில் கீழே இறங்கும். "முழங்கை வரை இருக்க வேண்டிய கை, மணிக்கட்டு வரை தொங்குது" என்பதற்கு நூலும் காரணமாக இருக்கலாம். எந்த நூல் என்று தெரிந்தால்தான் டிசைனரால் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

இன்னொரு டிப்ஸ். சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால், முடித்த பொருளை எடை போடுங்கள். 100 கிராமுக்கு 200 மீட்டர் உள்ள நூலில் 340 கிராம் செலவாகியிருந்தால், 680 மீட்டர். உங்கள் சைஸுக்கு எவ்வளவு நூல் தேவை என்பதற்கு இதைவிட நம்பகமான பதில் டிசைனருக்குக் கிடைக்காது.

எல்லா சைஸுக்கும் ஆள் இருக்கிறார்களா?

கைவினை நூல் துறையில் பரவலாகப் பயன்படும் பெண்கள் அளவுப் பட்டியல், எக்ஸ்.எஸ் முதல் 5 எக்ஸ் வரை போகிறது. மார்புச் சுற்று 28-30 இன்ச்சில் தொடங்கி 60-62 இன்ச்சில் முடிகிறது. எஸ், எம் சைஸுக்கு டெஸ்ட்டர் கிடைப்பது எளிது. பெரிய சைஸ்களில்தான் இடம் காலியாக நிற்கும்.

எம் சைஸின் எண்களை அப்படியே விகிதத்தில் பெருக்கிப் பெரிய சைஸ் உருவாக்கினால் சரியாக வராது. மார்புச் சுற்று இரண்டு மடங்கு ஆனால் தோள்பட்டை இரண்டு மடங்கு ஆகாது. கழுத்து அகலமும் அப்படித்தான். பெருக்கிப் போட்ட டாப் தோளிலிருந்து நழுவி விழும். நிஜ உடம்பில் போட்டுப் பார்த்தால் மட்டுமே இது வெளியே வரும்.

3 எக்ஸ் பின்னுபவருக்கு நூலும் அதிகம், நேரமும் அதிகம். எனவே அவருக்கு நூல் செலவில் ஒரு பங்கோ, கூடுதலாக இரண்டு வாரமோ கொடுப்பதுதான் முறை. அந்த சைஸுக்கு ஆள் கிடைக்கவே இல்லையா? "இந்த சைஸ்கள் டெஸ்ட் செய்யப்படவில்லை" என்று பேட்டர்னில் ஒரு வரி போட்டுவிடுங்கள். வாங்குபவர் தெரிந்தே முடிவெடுப்பார்.

எப்படிச் சொல்வது?

ஐ.டி-யில் டெஸ்ட்டிங் வேலை பார்ப்பவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. "ஆப் வேலை செய்யல" என்று யாராவது எழுதினால் என்ன கோபம் வரும்! எந்தப் பக்கத்தில், என்ன அழுத்தினாய், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும்? இங்கேயும் அதே நான்கு கேள்விகள்தான்.

இப்படி எழுதினால் பயனில்லை: "அக்கா, கை பகுதி கன்ஃப்யூஸா இருக்கு."

இப்படி எழுதிப் பாருங்கள்: "அக்கா, பக்கம் 6, கை பகுதி, 9-வது வரிசை, எல் சைஸ். வரிசை முடிவுல 52 கண்ணினு போட்டிருக்கீங்க. எனக்கு ரெண்டு தடவையும் 50தான் வருது. 8-வது வரிசைல 54 சரியா வந்துச்சு. போட்டோ அனுப்பியிருக்கேன்."

இரண்டாவது மெசேஜைப் படித்த டிசைனருக்கு ஐந்து நிமிட வேலை. முதல் மெசேஜுக்கு அரை நாள் சாட்டிங்.

இன்னொன்று. பிழையையும் ரசனையையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். "52 வரல" என்பது பிழை. "கை இன்னும் கொஞ்சம் நீளமா இருந்தா அழகா இருக்கும்" என்பது ரசனை. முதலாவதை டிசைனர் திருத்தியே ஆக வேண்டும். இரண்டாவது அவர் விருப்பம். "நான் சொன்னதைக் கேட்கவே இல்ல" என்ற வருத்தம் பெரும்பாலும் இந்த இரண்டும் கலந்துபோவதால்தான் வருகிறது.

டிசைனர்களே, உங்கள் பங்கு

பத்துப் பேர் பத்து டி.எம்-களில் ஒரே கேள்வியைக் கேட்டால் உங்களுக்கும் தலைசுற்றும். எல்லோரும் பார்க்கும்படி ஒரே ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். பக்கம், வரிசை, சைஸ், பிரச்னை, நிலை என்று ஐந்து கட்டங்கள் போதும். ஒருவர் சொன்ன பிழையை இன்னொருவர் மறுபடி சொல்ல வேண்டியிருக்காது.

திருத்திய பேட்டர்னை அனுப்பும்போது ஃபைல் பெயரிலேயே எண்ணும் தேதியும் போடுங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ரியல் ஃபைனல்' என்று மூன்று பி.டி.எஃப் சுற்றினால், யார் எதைப் பின்னுகிறார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். என்ன மாறியது என்பதையும் மேலேயே இரண்டு வரியில் எழுதுங்கள். ஏற்கெனவே அந்த இடத்தைத் தாண்டியவர் பிரிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி வந்தால் இரண்டு நாளுக்குள் பதில். முடியாவிட்டால், "பார்த்துட்டேன்மா, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்" என்று ஒரு வரி. அந்தப் பதில் வரும்வரை டெஸ்ட்டரின் ஊசி சும்மா நிற்கிறது, கடைசித் தேதி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிழை சொன்னவரிடம் முகம் சுளிக்காதீர்கள். 'டெஸ்ட்டிங்ல ஒரு பிழைகூட வரல' என்றால் பெருமைப்படும் முன், யாரும் சொல்லத் தயங்கினார்களா என்று யோசியுங்கள்.

நடுவில் விலக வேண்டி வந்தால்?

காய்ச்சல் வரலாம், வேலை மாறலாம், மணிக்கட்டு வலிக்கலாம். வலியோடு பின்னாதீர்கள். விலகுவது குற்றமில்லை. சொல்லாமல் காணாமல் போவதுதான் சங்கடம். "அக்கா, 22-வது வரிசை வரைக்கும் முடிச்சிருக்கேன், அதுவரைக்கும் கணக்கு சரி. இதுக்கு மேல முடியல" என்று ஒரு மெசேஜ் போட்டால், அந்தப் பாதி வேலைகூட டிசைனருக்குப் பயன்படும். அந்த சைஸுக்கு வேறு ஆளும் தேடலாம். விலகியவர் பேட்டர்னை யாருக்கும் ஃபார்வர்டு செய்யக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வெளிவராத பேட்டர்ன் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் போனால், ஒரு பெண்ணின் பல மாத வருமானம் அதோடு போய்விடும்.

'ஃப்ரீயா கிடைக்குதே' என்ற கணக்கு

கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுவோம். 300 ரூபாய் பேட்டர்ன் இலவசம். அதற்காக டெஸ்ட்டர் 800 ரூபாய்க்கு நூல் வாங்கி, 40 மணி நேரம் உழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரூபாய்க் கணக்கில் இது ஒருபோதும் சமமாகாது. பிறகு ஏன் செய்கிறார்கள்? புதிதாகக் கற்க, ஒரு படைப்பில் பங்கெடுக்க, நட்புக்காக. இது அன்பில் செய்யும் வேலை. அன்பில் செய்யும் வேலைக்கு அளவுக்கு மீறி நிபந்தனை போட்டால் கசக்கத்தானே செய்யும்?

"மூணு ரீல்ஸ் கட்டாயம், ரிலீஸ் அன்னைக்குக் காலைல 10 மணிக்கு எல்லோரும் போஸ்ட் போடணும், ஆயிரம் ஃபாலோயர்ஸ் இருக்கணும்" என்று அழைப்பு வந்தால், அது டெஸ்ட்டிங்கைத் தாண்டி விளம்பரத்துக்குள் போய்விட்டது. விளம்பரம் தப்பில்லை. ஆனால் அதற்கு அந்தப் பெயரும், அதற்குரிய கூலியும் இருக்க வேண்டும். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இலவசப் பொருளோ சலுகையோ வாங்கிக்கொண்டு ஒன்றை விளம்பரப்படுத்தும் பதிவில், அந்தத் தொடர்பைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். "இந்த பேட்டர்னை டெஸ்ட் செய்தேன், இலவசமாகக் கிடைத்தது" என்று ஒரு வரி போட்டால், படிப்பவருக்கும் விஷயம் புரியும்.

டிசைனர்கள் காசில்லாமலேயே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. பேட்டர்னின் கடைசிப் பக்கத்தில், விருப்பம் உள்ள டெஸ்ட்டர்களின் பெயரைப் போடுங்கள். "9-வது வரிசைப் பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்" என்று ஒருவர் பெயர் இருந்தால், அடுத்த டெஸ்ட்டுக்கு அவர்தான் முதல் ஆளாகக் கை தூக்குவார்.

முதல்முறை டெஸ்ட் செய்யப் போகிறீர்களா?

* ஸ்வெட்டரில் தொடங்காதீர்கள். தொப்பி, கோஸ்டர், சின்னப் பொம்மை என்று ஒரு வாரத்தில் முடிவதை எடுங்கள்.
* ஒரே நேரத்தில் ஒரு டெஸ்ட் மட்டும்.
* நூல் வீட்டிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.
* அந்த டிசைனரின் பழைய பேட்டர்னைப் பின்னியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். ராவெல்ரி தளத்தில் எந்த நூல், எந்த ஊசி, எங்கே மாட்டினோம் என்பதையெல்லாம் பின்னியவர்களே எழுதி வைத்திருப்பார்கள்.
* பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். "அப்புறம் ஞாபகமா சொல்லிக்கலாம்" என்பது நடக்காது.
* போட்டோவைப் பகல் வெளிச்சத்தில், சுருக்கம் இல்லாமல், அப்படியே எடுங்கள். ஃபில்டர் போட்டால் கண்ணி தெரியாது. டாப் இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றால் அதை மறைக்காமல் எடுத்து அனுப்புங்கள். டிசைனர் பார்க்க வேண்டியதே அதைத்தான்.

அடுத்த முறை 'டெஸ்ட்டர்ஸ் தேவை' ஸ்டோரி வரும்போது, கை தூக்குவதற்கு முன் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மீட்டர் நூல்? எத்தனை வாரம்? சந்தேகம் வந்தால் யாரிடம், எங்கே கேட்பது? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால், தாராளமாக ஊசியை எடுங்கள். டிசைனராக இருந்தால், அவர்கள் கேட்கும் முன்பே இந்த மூன்றையும் ஸ்டோரியிலேயே எழுதிவிடுங்கள்.